அம்மாவுக்குத் தண்ணீர் வார்க்கும் கை

வேலம்பாளையம்,
12-6-1968

அம்மிணி சாரதாவுக்கு அண்ணன் அப்புசாமி எழுதுவது.

நீ அனுப்பிய வெள்ளைக்காரன் பனியன் வந்து சேர்ந்தது. போட்டு அழகு பார்த்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். அன்றைக்கே கத்திரியை எடுத்துப் பிரித்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் கையில் சீமைப் பனியனைக் கொடுத்தால் வேறென்ன செய்வான்? கம்பெனியில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அக்குளில் சதுரமாக ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களே, அது எதற்கு? வேர்வைக்கா? அந்தக் குளிரில் ஏது வேர்வை? நீ நர்ஸ் படிப்புப் படிக்கிற லெஸ்டரும் நம் திருப்பூர் மாதிரி பின்னலாடை ஊர்தான் என்று எழுதியிருந்தாய். பழைய ஆட்கள் யாரையாவது கேட்டு எழுது.

அம்மா சௌக்கியம். தை மாதம் வாதத்தில் விழுந்த வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. நாக்குக் குழறலும் அப்படியே. ஆனால் முதுகில் ஒரு புண் கிடையாது. குதிகால் கட்டிலில் உரசாமல் இருக்க, பனியன் வேஸ்ட் துணியை வளையமாகச் சுருட்டி, குடம் தூக்குகிற பெண்கள் தலையில் வைக்கிற சும்மாடு போலச் செய்து அடியில் வைத்தாயிற்று. தலையையும் இரண்டாகப் பின்னி முன்னால் விட்டாயிற்று. நீ கவலைப்படாமல் படி.

நஞ்சப்ப மாமா அவிநாசிப் பக்கம் ஒரு பெண் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை இல்லாமல் படுத்த படுக்கையாக இருப்பவளை எப்படிப் பார்ப்பாய் என்று பிடித்துக்கொண்டார். தங்கச்சி வந்து மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் எனக்குக் கல்யாணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சித்திரையோடு உனக்குப் படிப்பு முடிகிறதல்லவா? முடித்த கையோடு வீடு வந்து சேர்.

அண்ணன்,
அப்புசாமி


லெஸ்டர்,
30-6-1968

அண்ணனுக்கு,

பனியனை ஒரு நாளாவது போட்டிருக்கலாம். அதற்காக நான் இரண்டு கடை ஏறி இறங்கினேன். போகட்டும். உங்கள் கேள்வியை என் வார்டில் இருக்கும் மிஸஸ் பாமரிடம் கேட்டேன். காலுறைக் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்தவள், இப்போது இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். அந்தத் துண்டு வேர்வைக்கு இல்லையாம். கையைத் தூக்கும்போது பனியன் இடுப்பை விட்டு மேலே ஏறாமல் இருக்கவாம். அதோடு விடாமல், உன் அண்ணன் ஒரு நாளைக்கு எத்தனை டஜன் வெட்டுவான் என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். வார்டுக்கு வந்ததிலிருந்து சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் பேசாதவள் அவள்.

அவளுக்கு ஒரு மகள். பார்வை நேரத்துக்கு மணி அடித்தால் வருவாள், மறுமணி அடித்தால் போய்விடுவாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்திருந்தேன். போன வாரம் பஸ் நிற்கும் இடத்தில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் அவள் புருஷனும் நோயாளியாம். இனிமேல் யாரையும் விசாரிக்காமல் எதுவும் நினைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அந்த வழக்கப்படி உங்களையும் விசாரிக்கிறேன். சும்மாடு செய்து வைத்தது யார்? நீங்கள் அம்மாவுக்கு எண்ணெய் வைத்தால் பாதி காதுக்குள் போகும். மல்லாந்து கிடப்பவர்களுக்கு ஒற்றைப் பின்னல் போட்டால் முதுகில் அழுத்தும், இரண்டாகப் பின்னி முன்னால் விட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அது வேலம்பாளையத்தில் யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட தங்கச்சி இணைச்சீருக்கு உட்காருவது உண்டுதானே? பெரியப்பா மகள் சுப்பாத்தாள் இருக்கிறாளே. இணைச்சீர் என்பது என்னை இழுக்க நீங்கள் போட்ட கயிறோ என்று சந்தேகமாக இருக்கிறது. கோபம் வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சாரதாமணி


வேலம்பாளையம்,
20-7-1968

அம்மிணிக்கு,

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது உன் கடிதம். சும்மாடு செய்தது யார் என்று நீ கேட்டாயே, அதைச் செய்தவளே அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டாளாம். அம்மா விடவில்லை. இடது கையை நீட்டி அவளையே காட்டிச் சிரித்ததாம். வாதம் வந்த பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள் பெயர் மருதம்மாள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் துணை நர்ஸ். அம்மாவை அங்கே வைத்திருந்தபோது பழக்கம். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெரியாத்தாளைத் தண்ணீர் வார்க்கக் கூப்பிட்டேன். அம்மா வைத வசவில் அவள் நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் நானே வார்க்கிறேன் என்றேன். அம்மா பேசுவது பாதிதான் புரியும், அன்று சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்தது. "மவன் கண்ணுல படறதுக்கு மண்ணுக்குள்ள போறது மேலு." அதற்குமேல் நான் என்ன செய்ய? மருதம்மாளிடம் போய் நின்றேன். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்து தண்ணீர் வார்த்து, சோறு ஊட்டிவிட்டுப் போகிறாள். காசு கொடுத்தால் வாங்குவதில்லை. அவள் அதட்டினால் அம்மா அடங்குகிறது, அதுதான் அதிசயம். நான் கம்பெனியிலிருந்து வர இருட்டிவிடும், அதனால் உன் கடிதங்களையும் அவளே படிக்கிறாள். ஒரு கடிதத்தை இரண்டு தரம் படித்தால்தான் அம்மா விடுமாம்.

சுப்பாத்தாள் கதைக்கு வருகிறேன். எனக்கு மருதம்மாளைக் கட்டிக்கொள்ள ஆசை. மறைப்பானேன். அவள் நெசவுக்காரர் வீட்டுப் பெண், வேறு சாதி. அவளைக் கட்டினால் சுப்பாத்தாளை அவள் புருஷன் மணவறைப் பக்கம் அனுப்புவானா? நஞ்சப்ப மாமா வருவாரா? நீ ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், மற்றவர்கள் வந்தால் வரட்டும். இது கயிறு இல்லை அம்மிணி. நான் இழுத்து உன்னை நிறுத்துகிறவனாக இருந்தால் மாமாவை எதிர்த்துக்கொண்டு கப்பல் ஏற்றியிருப்பேனா?

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது தனித்தாளில் எழுது. அம்மாவுக்குப் படிக்க வேண்டியது வேறு தாளில் இருக்கட்டும்.

அண்ணன்


லெஸ்டர்,
6-10-1968

அண்ணனுக்கு (இது தனித்தாள்),

முதலில் சந்தோஷம். உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. மணவறையில் என்னைத் தவிர வேறு யாரும் உட்காரப் போவதில்லை. மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு மருதம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆயிரம் இருக்கிறது. நீங்கள் எழுதியது முழுக்க அவள் அம்மாவுக்கு என்ன செய்கிறாள் என்பதுதான். அவள் எப்படிச் சிரிப்பாள்? வாய்த்துடுக்கா, அமைதியா? ஆஸ்பத்திரியில் அவளை நன்றாக நடத்துகிறார்களா? அவள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, கல்யாணத்தைப் பற்றி அவள் என்ன சொன்னாள்?

என் சேதி ஒன்று. படிப்பு முடிந்ததும் இங்கேயே ஸ்டாஃப் நர்ஸாக இருக்கலாம் என்று மேட்ரன் கூப்பிட்டுச் சொன்னார். ஏப்ரல் முடிவதற்குள் பதில் கேட்டிருக்கிறார். எனக்கு இருக்க ஆசை. சம்பளத்துக்காக மட்டும் இல்லை. இங்கே ஒரு நோயாளிக்கு எது தேவை என்று நான் சொன்னால் டாக்டர் நின்று கேட்கிறார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஊரான் வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் நான் முதுகு துடைக்கிறேன், என் அம்மாவுக்கு யாரோ துடைக்கிறாள் என்று நினைத்தால் சில நாள் கை ஓடுவதில்லை. மருதம்மாள் நம் வீட்டுக்கு வந்துவிட்டால் நான் இன்னும் சில வருடம் இருக்கலாமா? கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறேன். நீங்கள் சரி என்றால் மேட்ரனிடம் சொல்கிறேன்.

சாரதாமணி


வேலம்பாளையம்,
15-12-1968

அம்மிணிக்கு,

பெண்ணைக் கேட்டாயா என்கிறாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? இஷ்டமில்லாத பெண் மழை என்றும் வெயில் என்றும் பார்க்காமல் நித்தம் வந்து இன்னொருத்தர் அம்மாவுக்குத் தண்ணீர் வார்ப்பாளா? கையில் வெண்ணெய் இருக்கிறது, நான் நெய்க்கு அலையவில்லை, அவ்வளவுதான். அவள் அப்பா மருதாசலம் ஐப்பசியில் முருகனுக்குச் சஷ்டி விரதம் இருந்தபோது தேங்காய் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மனிதர் மரியாதையாகத்தான் பேசினார், நாள் குறித்த பிறகு பெண்ணிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மாமாவிடமும் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் குதித்தார், மூன்றாம் நாள் வந்து காப்பி குடித்தார்.

வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் முடிந்தால் அவள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருப்பாள். அதன்பிறகு நீ தாராளமாகப் போய் இரு. எல்லாம் கூடிவருகிறது பார்.

அவள் சிரிப்பைப் பற்றிக் கேட்டாய். என் முன்னால் சிரிக்க மாட்டாள். உன் கடிதம் படிக்கும்போதுதான் சிரிக்கிறாள். மிஸஸ் பாமர் இப்போது நடக்கிறாளா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். உங்கள் வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்றும் கேட்கச் சொன்னாள். உனக்கு இருக்கிற விசாரணைப் புத்தி அவளுக்கும் இருக்கிறது.

அண்ணன்


லெஸ்டர்,
9-2-1969

அண்ணனுக்கு,

இதுவும் தனித்தாள், உட்கார்ந்து படியுங்கள். மருதம்மாள் எனக்கு எழுதியிருக்கிறாள்.

ஒரு வருடமாக அம்மாவுக்கு என் கடிதங்களைப் படித்துப் படித்து, எங்கள் வார்டில் எந்தக் கட்டில் ஜன்னலோரம் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவளாம். "அக்கா, அங்க வந்து முழு நர்ஸாப் படிக்கோணும்னு ஆசைங்க. இங்க பத்து வருசம் இருந்தாலும் நான் துணை நர்ஸுதானுங்க. உங்க மேட்ரங்கிட்ட என் பேரச் சொல்லுவீங்களா? இல்லீன்னாலும் அம்மாவப் பாக்கறத உட்டுற மாட்டனுங்க" என்று எழுதியிருக்கிறாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் மறைக்கவில்லை அண்ணா. அவளுக்குத் தெரியாது. அவள் அப்பாவைப் பார்த்தீர்கள், மாமாவிடம் சொன்னீர்கள், கடல் தாண்டி எனக்கு எழுதினீர்கள். நித்தம் எதிரே நிற்கிறவளிடம் கேட்கவில்லை.

நான் பெயரைச் சொன்னால் உங்களுக்குப் பெண் இல்லை, அம்மாவுக்குக் கை இல்லை, எனக்கும் இந்த ஊர் இல்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கடிதத்தை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். நான் இங்கே படிக்க வருவதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதே என்று மாமா உங்களிடம் சொன்னபோது அவர் சொன்ன காரணமும் அம்மாதான். அம்மாவுக்கு வயதாகிறது, யார் பார்ப்பது என்றார். அம்மாவைக் காட்டி அவளை நிறுத்த மாட்டேன் என்று அப்போது நீங்கள் அவருக்குச் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. அதே காரணத்தைச் சொல்லி நான் இன்னொருத்தியை நிறுத்தினால் எனக்குச் சோறு இறங்காது.

மேட்ரனிடம் அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் மே மாதம் ஊருக்கு வந்துவிடுகிறேன். திரும்பப் போகப் போவதில்லை. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் வரட்டும். நீங்கள் தயவுசெய்து அவளிடம் கேளுங்கள்.

சாரதாமணி


வேலம்பாளையம்,
24-2-1969

சாரதாவுக்கு,

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். உன் அண்ணன் வீட்டு விளக்கை எடுத்துப் போய்த் தெருவில் வைத்திருக்கிறாய். ரொம்பப் புண்ணியம்.

உன்னை மூன்று வருடம் படிக்க விட்டது நீ கிடைத்த வேலையை உதறிவிட்டுத் திரும்பி வந்து நிற்பதற்கு இல்லை. ஆளுக்கு ஆள் தியாகம் செய்துகொண்டு என்னைக் கேட்காமலேயே என் வீட்டைப் பங்கு போட்டுவிட்டீர்கள். இனிமேல் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி கடிதம் எழுத வேண்டாம்.

அப்புசாமி


லெஸ்டர்,
20-3-1969

அண்ணனுக்கு,

உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு என்றால் தப்புதான். மருதம்மாளைக் கேட்காமல் நீங்கள் செய்ததும் அதே தப்புதான். இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள், வேறெப்படி இருப்போம்?

மருதம்மாளிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அந்தக் கோபக் கடிதத்துக்குப் பிறகு நீங்களும் எழுதவில்லை. அம்மா எப்படி இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் அந்த ஒரு வரிக்குப் பிறகு திட்டுங்கள். எனக்குத் தருவதாகச் சொன்ன வேலை வேண்டாம் என்று மேட்ரனிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லப் போகும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

சாரதாமணி


வேலம்பாளையம்,
11-4-1969

அம்மிணிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறது. நீ கேட்ட ஒரு வரி முதலில்.

மாசிக் கடைசியில் மருதம்மாளுக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. ஒட்டிக்கொள்ளும் நோய், தான் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மை கண்டவள் வந்துபோன வீடு என்று பெரியாத்தாளும் வாசல் மிதிக்கவில்லை. மாமா வீட்டிலும் அதே பேச்சு. முதல் நாள் அம்மாவுக்கு முகம் மட்டும் துடைத்துவிட்டேன். மறுநாளைக்குக் கட்டில் ஈரம். வெயிலும் ஆரம்பித்துவிட்டது. எத்தனை நாளைக்கு அப்படிப் போடுவது?

நீ அங்கே போன புதிதில் எழுதியிருந்தாய், நோயாளிக்கு மேலே ஒரு போர்வையை முழுதாகப் போர்த்திவிட்டு, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, உள்ளே வைத்து மூடிவிட்டு அடுத்த கையை எடுக்க வேண்டும் என்று. கம்பெனியிலிருந்து அகலமான பனியன் துணி கொண்டுவந்து அப்படித்தான் செய்தேன். பார்க்காமலே துடைக்க முடிகிறது அம்மிணி. அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் வையவில்லை. வைதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பங்குனி பாதி வரைக்கும் நான்தான். அம்மா சாப்பிட்டது, என்னிடம் பேசவில்லை.

மருதம்மாள் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். வந்ததும் அம்மாவைப் புரட்டி முதுகைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், குதிகாலைப் பார்த்தாள். யாருங்க பாத்துக்கிட்டது என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்து நான் கண்டதில்லை. என்னைப் பற்றி அவளுக்கும் ஏதோ தெரிந்துகொள்ள ஆசை வந்த மாதிரி இருந்தது. கேட்பதென்றால் அப்போதுதான் என்று கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். பிறகு சொன்னாள்: "எங்கப்பாகிட்டக் கேட்டீங்க, உங்க தங்கச்சிகிட்டக் கேட்டீங்க. என்னையக் கேக்கறதுக்கு இத்தன நாளுங்களா? நான் போறனுங்க. படிச்சு முடிச்சா இந்த ஊருக்குத்தான் வருவன். அப்பயும் நீங்க ஒண்டியா இருந்து, அப்பயும் இதையே கேட்டீங்கன்னா, பதில் சொல்றனுங்க." என்ன பதில் என்று இப்போதே தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறாள். சிரிக்கிறாள். என் முன்னாலேயே சிரிக்கிறாள்.

உன் மேல் வந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி இருக்கிறது. ஆனால் அவளை ஆசைப்பட்டேனா, அம்மாவுக்கு ஓர் ஆள் கிடைத்ததை ஆசைப்பட்டேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது அம்மாவுக்கு ஆளாக நானே இருக்கிறேன். ஆசையும் அப்படியே இருக்கிறது. அதனால் அது அவள் மேல்தான்.

நேற்று அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மருதம்மாள் போகப் போகிறாள் என்றேன். சாரதாவுக்கும் அங்கேயே வேலை இருக்கிறது, உனக்காக அதை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள் என்றேன். நான் போதுமா, அவளை வரச் சொல்லட்டுமா, நீயே சொல் என்றேன். வரச் சொல் என்றால் அப்போதே தந்தி கொடுக்கச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நாக்கை இழுத்து இழுத்துச் சொன்னது. பாதிக்குமேல் புரியவில்லை, மருதம்மாள் பக்கத்தில் குனிந்து கேட்டு எனக்குச் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிறேன்.

"உனக்கு நானு தண்ணி வாத்து உட்டனல்லொ. இனி நீ வாத்து உடு. அவ அங்கயே இருக்கட்டும்."

அண்ணன்,
அப்புசாமி